குடியை நிறுத்தினால் மட்டும் போதுமா?
மனநோயும் சேர்ந்து இருந்தால் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் வைத்தியம் தேவை

பென்னலூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் வட்டாரத்தில் தொழிற்சாலைகள் இரவு பகலாக ஓடுகின்றன. "ஷிப்டு" மாறினால் தூக்கமும் மாறும். தூக்கம் வருவதற்காகவே குடிக்கத் தொடங்குகிறவர்கள் உண்டு. அங்கேதான் ஆபத்து ஆரம்பம்!

மது முதலில் கண்ணைச் சொக்க வைக்கும். பிறகு அதுவே தூக்கத்தைக் கெடுக்கும். பாதித் தூக்கத்தில் விழிப்பு வரும். எழுந்தால் எரிச்சல், மனச்சோர்வு. அதைப் போக்க மறுபடியும் பாட்டில்!

குடியா, மனநோயா?

"குடியை விட்டா எல்லாம் சரியாப் போயிடும்" என்பார்கள் வீட்டில். "மனசு தெளிஞ்சா குடியைத் தானா விட்டுடுவான்" என்பார்கள் பக்கத்து வீட்டில். இரண்டும் பாதி உண்மைதான்.

குடியால் வந்த சோர்வு, குடியை நிறுத்திய சில வாரங்களில் பலருக்கு விலகிவிடும். சிலருக்கு விலகாது. காரணமில்லாத சந்தேகம், காதில் குரல் கேட்பது போன்றவை தொடரும். இவர்களுக்கு மனநோய்க்கும் மருந்து தர வேண்டும். ஒன்றை மட்டும் கவனித்தால், விட்டுவைத்த நோய் மற்றதையும் திரும்ப இழுத்து வரும்.

பேய் அல்ல!

பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும். வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியலாம். "பேய் பிடிச்சிடுச்சு" என்று மந்திரிக்க அழைத்துப் போனால் உயிருக்கே ஆபத்து. உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும்.

சாப்பாட்டில் தெரியாமல் மாத்திரை கலந்து கொடுப்பதும் கூடாது. அதோடு மது சேர்ந்தால் விபரீதம் ஆகலாம்.

கணவரை இழந்தவர் தொடங்கியது

சாந்தி ரங்கநாதன் தன் கணவரைக் குடியால் பறிகொடுத்தவர். குடி ஒரு நோய், குடும்பத்துக்கும் சேர்த்து வைத்தியம் வேண்டும் என்று 1980-ல் அவர் சென்னையில் தொடங்கிய பணிதான் இந்திரா நகர் டி.டி.கே. ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. 1992-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும், மது, போதைப் பொருளால் வரும் மனநிலைப் பாதிப்பை மனநோய்க் கணக்கில் சேர்த்துள்ளது.

எங்கே போவது?

1794-ல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெறலாம். 2025-ல் தமிழக அரசு ஆஸ்பத்திரிகளில் "கலங்கரை" என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்கள் திறக்கப்பட்டன. 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் போன் செய்யலாம். தமிழிலேயே பேசலாம்.

டாக்டரிடம் எதையும் மறைக்கக் கூடாது. எத்தனை வருடமாகக் குடி, எத்தனை நாளாகத் தூக்கமில்லை, காதில் குரல் கேட்கிறதா என்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். குடியை மறைத்தால் வைத்தியமே தவறிப்போகும்.

"செத்துடலாம் போலிருக்கு" என்று ஒருவர் சொன்னால், "போதையில் உளறுகிறார்" என்று விட்டுவிடக் கூடாது. அவரைத் தனியே விடாமல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும்.