கைத்தடி எந்தக் கையில்?

மாமல்லபுரத்துப் பாறைச்சரிவில் நிற்கும் ‘கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை’யைக் காணாதவர் நம் கல்லூரியில் இருக்கமாட்டார். சுமார் 250 டன் எடையுள்ள அப்பாறை ஏன் உருளவில்லை? அதன் ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் கோடு, பாறை தரையைத் தொடும் பரப்புக்குள்ளேயே விழுகிறது. உராய்வு வழுக்காமல் காக்கிறது. மனிதன் பாடு அப்படியன்று. நடக்கையில் ஒவ்வோர் அடிக்கும் சிறிது நேரம் நாம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம்.

இயற்பியல் வகுப்பில் கேட்ட இச்செய்தி, எங்கள் ஆயா விழுந்த பிறகே எனக்கு விளங்கிற்று. சதுரங்கப்பட்டினத்தருகே எங்கள் ஊரில் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததில், இடத் தொடையெலும்பின் மேற்பகுதி முறிந்தது. செங்கற்பட்டு அரசு மருத்துவமனையில் உலோகத் தண்டு பொருத்தினார்கள். எலும்பு கூடிவிட்டது, நடைதான் கூடவில்லை. இடக்காலை ஊன்றும்போதெல்லாம் உடல் ஒருபுறம் சாய்ந்தது.

ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பின் மறுபக்கம் தொங்கிவிடாமல் இழுத்துப் பிடிப்பது இடுப்பின் பக்கவாட்டுத் தசை. இதை நெம்புகோலாக எண்ணிப் பாருங்கள். ஆதாரப்புள்ளி இடுப்பு மூட்டு. ஒருபுறம் உடலின் எடை, மறுபுறம் இத்தசை. எடையின் புயம் நீளம், தசையின் புயம் குட்டை. ஆகையால் தசை பன்மடங்கு இழுக்க வேண்டும். மூட்டின்மேல் விழும் மொத்தச் சுமை உடலெடையைப்போல் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று மடங்கு. ஆயாவின் எடை 45 கிலோதான். அவர் மூட்டு தாங்குவதோ நூறு கிலோவுக்கு மேல்! வாரக்கணக்கில் படுத்து இளைத்த தசைக்கு இது ஆகிற காரியமா? இடுப்பு இவ்வாறு தொங்குவதை 1895-இல் விளக்கிய ஜெர்மானிய மருத்துவர் டிரெண்டலன்பர்க்கின் பெயராலேயே இன்றும் இக்குறி வழங்குகிறது.

தசை மட்டுமன்று. கண், உட்செவி, மூட்டுகளிலும் தசைகளிலும் உள்ள உணர்நரம்புகள் ஆகிய மூன்றும் சொல்வதைக் கேட்டே மூளை உடலை நிறுத்துகிறது. ஆயாவுக்குக் கண்ணில் புரை. இருட்டினால் எழுந்திருக்கவே அஞ்சுவார். அஞ்சியதால் நடை குறைந்தது. நடை குறையத் தசை மேலும் இளைத்தது.

இதற்கிடையில் நாங்களும் ஒரு பிழை செய்திருந்தோம். முறிந்தது இடப்பக்கமாயிற்றே என்று தடியையும் இடக்கையில் கொடுத்துவிட்டோம். அது வலக்கையில் இருக்கவேண்டுமாம். மறுபரிசோதனையின்போது பயிற்சி தரும் அம்மையார் சொன்னார். வலக்கைத் தடி இட மூட்டிலிருந்து தள்ளி ஊன்றுவதால் அதன் புயம் நீளம். சிறிது அழுத்தினாலே தசையின் பளு வெகுவாகக் குறையும். தடியும் இடக்காலும் சேர்ந்தே முன்செல்லவேண்டும். மேசையைப் பிடித்துக்கொண்டு காலைப் பக்கவாட்டில் தூக்கும் பயிற்சியையும் கற்பித்தார்.

“வலக்கையில் தடி இருந்தால் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு யாருடா தடவுவது?” என்று ஆயா என்னிடம் சண்டைக்கு வந்தார். ஆயினும் ஆறே வாரத்தில் வீட்டுக்குள் அதிகம் சாயாமல் நடக்கிறார். கடற்கரை மணலில் மட்டும் இன்னும் தனியே விடுவதில்லை. அங்கே காலடியில் தரையே நகர்கிறது; தடியும் புதைகிறது.