நான்கு சுவருக்குள் ஒரு மைதானம்

டிசம்பர் மூன்றாவது வாரத்தில் ஓஸ்லோவில் காலை ஒன்பதேகாலுக்கு மேல்தான் சூரியன் எழுகிறது. பிற்பகல் மூன்றேகாலுக்குள் மறைந்தும் விடுகிறது. பகல் என்று சொல்ல ஆறு மணி நேரம்கூட இல்லை. 1924-ல் தொடங்கப்பட்ட ஓஸ்லோ கோல்ஃப் கிளப்பின் போக்ஸ்டாட் மைதானத்தில் குளிர்காலம் முழுக்கப் புல்லைப் பார்க்க முடியாது. எல்லாம் பனிக்கு அடியில் கிடக்கும்.

கோல்ஃப் ஆடுவதற்கு இவ்வளவு தோதில்லாத ஊர் உலகில் குறைவு. ஆனாலும் இதே ஊரில் பிறந்த சூசன் பெட்டர்சன் 2007-லும் 2013-லும் பெண்கள் கோல்ஃபின் மிகப் பெரிய பட்டங்களை வென்றார். இங்கே பிறந்த இன்னொருவர் விக்டர் ஹோவ்லண்ட். 2018-ல் அமெரிக்க அமெச்சூர் பட்டத்தை வென்ற முதல் நார்வேக்காரர் அவர். 2020-ல் அமெரிக்காவின் பிஜிஏ டூர் போட்டி ஒன்றை வென்ற முதல் நார்வேக்காரரும் அவரே. 2023-ல் அதே டூரின் ஆண்டுப் பட்டமான ஃபெடெக்ஸ் கோப்பையும் அவர் கைக்கு வந்தது.

பொறியாளரான ஹோவ்லண்டின் தந்தை வேலைக்காக அமெரிக்கா போயிருந்தபோது கோல்ஃப் பழகிக்கொண்டார். ஊர் திரும்பும்போது மகனுக்கும் சிறிய மட்டைகள் வாங்கி வந்தார். மட்டை வந்துவிட்டது, ஆனால் ஆண்டில் ஏறக்குறைய பாதி மாதங்கள் அடிப்பதற்கு இடமில்லை. அந்த மாதங்களில் சிறுவன் பயிற்சிக்குப் போன இடம் ஃபோர்னெபு. 1998 வரை ஓஸ்லோவின் விமான நிலையம் இருந்த அந்தப் பகுதியில், கூரைக்குக் கீழே கோல்ஃப் அடிக்க ஒரு மையம் இருந்தது. 250 மீட்டர் பறக்க வேண்டிய பந்தை அதில் ஒரு பகுதித் தொலைவுக்குள் நிறுத்திவிடும் இடம் அது.

கூரைக்குக் கீழே பழகி உலக மேடையில் ஜெயிக்க முடிகிறது என்றால், மைதானத்தைச் சுருக்கும்போது எதை விட்டுவிடலாம், எதை விடக்கூடாது என்ற கேள்வி எழுகிறது. வீட்டுக்குள் பந்து விளையாட்டுப் பழகுவதற்காக நூறாண்டுக்கும் மேலாக வந்துகொண்டிருக்கும் கண்டுபிடிப்புகள் எல்லாம் இந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்ட பதில்கள்தான்.

பந்தைத் தடுப்பது

முதல் பதில் வலை. பார்க்க எளிது, ஆனால் அது தாங்க வேண்டிய வேலை பெரிது. கோல்ஃப் பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேல் போகக்கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது விதி. தேர்ந்த ஆட்டக்காரர், நெடுந்தூரம் அடிப்பதற்கான டிரைவர் மட்டையால் அடித்தால் அந்தச் சின்னப் பந்து நொடிக்கு 75 மீட்டர், அதாவது மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும். அதன் இயக்க ஆற்றல் சுமார் 129 ஜூல். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தின் ஆற்றலும் ஏறக்குறைய இதே அளவுதான். கிரிக்கெட் பந்து மூன்றரை மடங்கு கனமானது. கோல்ஃப் பந்து அந்தக் குறையை வேகத்தால் ஈடுகட்டிவிடுகிறது.

இந்தப் பந்தை நிறுத்த விறைப்பாகக் கட்டிய வலை உதவாது. வலை தொளதொளவென்று தொங்கி, பந்தோடு சேர்ந்து ஒரு மீட்டர் பின்னால் போனால், அது தாங்கும் சராசரி விசை 13 கிலோ எடைக்குச் சமம். அதே பந்து ஒரு சென்டிமீட்டருக்குள் நின்றாக வேண்டும் என்றால் விசை நூறு மடங்காகி, 1.3 டன் எடைக்குச் சமமாகிவிடும். பயிற்சி வலைகளைச் சுவரிலிருந்து தள்ளி, தளர்வாகத் தொங்கவிடுவதன் காரணம் இதுதான். விலை உயர்ந்த வலையைச் சுவரை ஒட்டி இழுத்துக் கட்டியவர்களைவிட, சாதாரண வலையை இடம் விட்டுத் தொங்கவிட்டவர்களின் சுவர் பத்திரமாக இருக்கும்.

பந்தை மாற்றுவது

வலை கட்ட இடமில்லாதவர்களுக்கு இரண்டாவது பதில்: பந்தின் பலத்தைக் குறைத்துவிடுவது. 1953-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் டேவிட் முல்லனி என்பவர் தன் மகனுக்காக விஃபிள் பந்தை உருவாக்கினார். பிளாஸ்டிக் பந்தின் ஒரு பாதியில் மட்டும் எட்டு நீள்வட்டத் துளைகள். ஜன்னலையும் உடைக்காது, தூரமும் போகாது. ஆனால் தோளை வருத்தாமலே காற்றில் வளையும். துளையுள்ள பிளாஸ்டிக் கோல்ஃப் பந்துகளும் நுரைப் பந்துகளும் இதே வழியில் வேலை செய்கின்றன. எடை குறைவு, காற்றுத்தடை அதிகம். எவ்வளவு ஓங்கி அடித்தாலும் சீக்கிரமே வேகம் வடிந்துவிடும்.

உண்மையான கோல்ஃப் பந்தின் வடிவமைப்பு இதற்கு நேர் எதிரானது. அதன் மேல் முந்நூறுக்கும் அதிகமான குழிகள் உண்டு. 1905-ல் இங்கிலாந்தின் வில்லியம் டெய்லர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த யோசனை இது. குழிகள் பந்தை ஒட்டி ஓடும் காற்றுப் படலத்தைக் கலக்கிவிடுகின்றன. கலங்கிய படலம் பந்தின் பின்புறம் வரை ஒட்டிக்கொண்டே போவதால், பின்னால் உருவாகும் சுழல்பகுதி சிறுத்துக் காற்றுத்தடை ஏறக்குறைய பாதியாகிறது. 1980-களில் நிலம் குறைந்த கேமன் தீவில் சின்ன கோல்ஃப் மைதானம் அமைத்த அமெரிக்க கோல்ஃப் வீரர் ஜாக் நிக்லாஸ், பாதித் தூரமே போகும் பந்தை வரவழைத்தார். அதில் குழிகளுக்குப் பதில் புடைப்புகள்.

விதியை மாற்றுவதும் ஒரு வழிதான். தமிழ்நாட்டு மொட்டை மாடிகளிலும் சந்துகளிலும் இதைத் தலைமுறைகளாகச் செய்துவருகிறார்கள். பந்து எதிர்வீட்டுக்குள் போனால் அவுட். ஒரு தடவை தரையில் பட்டுப் பிடித்தால் 'ஒன் பிட்ச் கேட்ச்', அதுவும் அவுட். ஓங்கி அடிக்க வாய்ப்பில்லாத அந்த ஆட்டத்தில் கையையும் மணிக்கட்டையும் கட்டுப்படுத்தும் திறமை தானாக வளர்கிறது. சாக்ஸில் பந்தைப் போட்டுக் கயிற்றில் தொங்கவிட்டு, மட்டையின் நடுவில் பட வைக்கப் பழகாத கிரிக்கெட் சிறுவர்கள் குறைவு.

இந்த வகையில் உலகமே அறிந்த உதாரணம் டான் பிராட்மன். ஆஸ்திரேலியாவின் பௌரல் ஊரில், வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் வளைந்த செங்கல் அடித்தளத்தில் ஒரு கோல்ஃப் பந்தை எறிவார். எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாமல் அது பாய்ந்து வரும்போது, கிரிக்கெட் ஸ்டம்பால் அதை அடிப்பார். பரந்த மட்டைக்குப் பதில் மெல்லிய குச்சி, கிரிக்கெட் பந்தைவிடச் சிறிய பந்து, கணிக்க முடியாத சுவர். இடம் சுருங்கியது, சவால் பெருகியது. பின்னாளில் டெஸ்ட் கிரிக்கெட்டில் அவருடைய சராசரி 99.94.

பறக்காத பந்தைப் பறக்க வைப்பது

வலையில் ஒரு பெரிய குறை உண்டு. பந்தைப் பிடிக்கும் வலை, அது எங்கே போயிருக்கும் என்ற தகவலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. அடித்தவருக்குக் கையில் பட்ட உணர்வு மட்டும் மிஞ்சும். வலப்பக்கம் போனதா, இடப்பக்கம் வளைந்ததா, 200 மீட்டர் போனதா, 230 போனதா என்று தெரியாது. முடிவு தெரியாமல் ஆயிரம் பந்து அடித்தால் தப்பான அடியே பழகிப்போகலாம்.

இந்தக் குறையைத் தீர்த்ததில் ஸ்காண்டிநேவியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 2003-ல் டென்மார்க்கில் எல்ட்ரூப்-யோர்கென்சன் சகோதரர்களும், எறிகணைகளைப் பின்தொடரும் ரேடார்களில் அனுபவமுள்ள பொறியாளர் ஃப்ரெட்ரிக் துக்செனும் சேர்ந்து, பந்தின் பறப்பை ரேடாரால் அளக்கும் டிராக்மேன் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். சுவீடனில் டேனியல் ஃபோர்ஸ்கிரென், பறக்கும் கோல்ஃப் பந்தின் பாதையைத் தொலைக்காட்சித் திரையில் கோடாக வரைந்து காட்டும் தொழில்நுட்பத்தை உருவாக்கினார்.

டிராக்மேன் ரேடாரின் அடிப்படை 1842-ல் கிறிஸ்டியன் டாப்ளர் சொன்னது. நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் உச்சத்தில் ஒலித்து, கடந்து போனதும் தணிந்து கேட்பதும் அதனால்தான். ரேடார், நொடிக்கு 1,050 கோடி முறை அதிரும் ரேடியோ அலையை அனுப்புகிறது. விலகிப் போகும் பந்தில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் சற்றே குறைந்திருக்கும். நொடிக்கு 75 மீட்டர் வேகத்தில் போகும் பந்துக்கு அந்தக் குறைவு சுமார் 5,250. ஆயிரம் கோடியில் ஐயாயிரம் வித்தியாசத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து வேகத்தைச் சொல்கிறது கருவி.

அறைக்குள் இது இன்னும் கடினம். பந்து வைத்த இடத்திலிருந்து அதைத் தடுக்கும் திரை வரை மூன்று மீட்டர் என்றால், பந்து பறக்கும் நேரம் 0.04 நொடி. கண் சிமிட்டுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். டிரைவரில் அடித்த பந்து நிமிடத்துக்குச் சுமார் 2,600 முறை பின்னோக்கிச் சுழலும். ஆனால் அந்த 0.04 நொடியில் அது இரண்டு சுற்றுகூட முழுதாகச் சுற்றுவதில்லை. அந்த அரைகுறைச் சுழற்சியை அளந்தாக வேண்டும், ஏனென்றால் பின்சுழற்சிதான் பந்தைக் காற்றில் தூக்கி நிறுத்துகிறது. அதனால் ரேடார் வைத்துப் பழகும் சிலர் பந்தின் மேல் ஒரு சின்ன உலோக ஸ்டிக்கரை ஒட்டுகிறார்கள். சுழலும்போது ரேடாருக்கு அது பளிச்சென்று தெரியும். கேமரா வகைக் கருவிகள் வேறு வழியில் போகின்றன. மட்டை பட்டவுடன் பந்தை அடுத்தடுத்துப் படமெடுத்து, மேலுள்ள குறிகள் எவ்வளவு திரும்பின என்று கணக்கிடுகின்றன.

வேகம், கிளம்பும் கோணம், சுழற்சி, சுழலும் அச்சின் சாய்வு. இவை கிடைத்துவிட்டால் மீதி 250 மீட்டரை இயற்பியல் சமன்பாடுகள் பறக்க வைத்துவிடும். திசையில் ஒரு டிகிரி பிசகினாலும் 250 மீட்டரில் நான்கு மீட்டருக்கு மேல் தள்ளிப் போகும். அளவீட்டில் இவ்வளவு கவனம் அதனால்தான்.

ஓஸ்லோ வீடுகளுக்கு இன்னொரு இடைஞ்சல் உண்டு. நார்வேயின் கட்டட விதிப்படி வசிக்கும் அறையின் உயரம் குறைந்தது 2.4 மீட்டர், பல அடுக்ககங்களில் அவ்வளவுதான் இருக்கும். டிரைவர் மட்டையைத் தாராளமாகச் சுழற்ற ஏறக்குறைய மூன்று மீட்டர் வேண்டும். ஆகவே இந்தக் கருவிகள் வீட்டைவிட வாடகைக் கூடங்களிலும் கிளப்புகளிலும்தான் அதிகம். வீட்டுக்கு வேறு சாதனம் தேவைப்பட்டது. ஓஸ்லோவில் தோன்றிய பிளேஃபினிட்டி என்ற நிறுவனம் பந்துக்குள்ளேயே உணரியை வைத்தது; கால்பந்தைத் தரையில் விடாமல் தட்டினால் கைபேசி கணக்கு வைத்துக்கொள்ளும். இத்தகைய உணரிகளில் இருக்கும் முடுக்கமானி, பந்து காற்றில் தனியே இருக்கும்போது ஏறக்குறைய சுழியைக் காட்டும். கால் பட்டதும் துள்ளும். இரண்டு துள்ளலுக்கு நடுவே ஒரு நொடி போனால், பந்து 1.2 மீட்டர் உயர்ந்திருக்கிறது என்று பொருள். 2022 கால்பந்து உலகக்கோப்பைப் பந்துக்குள் இருந்த உணரி நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. 2018-ல் முன்னாள் இந்தியக் கிரிக்கெட் வீரர் அனில் கும்ப்ளே தன் நிறுவனத்தின் மூலம் கிரிக்கெட் மட்டையில் ஒட்டும் சிறு உணரியை அறிமுகப்படுத்தியதும் இதே பாதையில்தான்.

தகவல் அதிகமானால்?

அடித்த ஒவ்வொரு பந்துக்கும் பத்து எண்கள் திரையில் வந்தால் நல்லதுதானே? முழுக்க அப்படியில்லை. சால்மோனி, ஷ்மிட், வால்டர் ஆகிய மூவரும் உடல்திறன் கற்றலைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 1984-ல் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் விடை சொல்லிக்கொண்டே இருந்தால் பயிற்சியின்போது ஆட்டம் வேகமாக முன்னேறும். விடை நின்றதும் சரியும். சொந்த உடல் தரும் உணர்வைக் கவனிப்பதை விட்டுவிட்டு, கற்பவர் வெளியிலிருந்து வரும் விடையையே நம்பத் தொடங்கிவிடுகிறார்.

1986-ல் குட், மகில் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பேட்மின்டனின் மூன்று வகை சர்வீஸ்களைப் புதியவர்களுக்குக் கற்பித்தார்கள். ஒரு குழு ஒரே வகையைத் தொடர்ந்து அடித்து முடித்தபின் அடுத்ததற்குப் போனது. இன்னொன்று மூன்றையும் கலந்து அடித்தது. பின்னர் சோதித்தபோது கலந்து பழகியவர்களே மேலாக ஆடினார்கள். வலைக்கு முன் நின்று ஒரே மட்டையால் ஐம்பது பந்தை அடிப்பது பயிற்சியாகத் தெரிந்தாலும், மைதானத்தில் எந்த அடியும் முந்தையதைப் போல இருப்பதில்லை.

செயற்கைப் புல்விரிப்பும் ஓர் ஏமாற்று வேலை செய்யும். மட்டை பந்துக்கு இரண்டு சென்டிமீட்டர் முன்பே தரையைத் தொட்டால் நிஜப் புல்லில் மண் பெயர்ந்து அடி வீணாகும். விரிப்பில் மட்டை வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தொட்டுவிடும். திரையில் நல்ல எண்ணே வரும். இதற்காகத்தான் சில பயிற்சியாளர்கள் பந்துக்குப் பின்னால் ஒரு துண்டை மடித்து வைக்கிறார்கள். முன்னதாகவே இறங்கும் மட்டை துண்டில் பட்டு, தவறைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கருவியே இல்லாமல், கூரை உயரமும் தடையாகாமல் வீட்டில் பழகக்கூடிய பகுதி ஒன்று உண்டு. பந்தைக் குழிக்குள் உருட்டும் 'பட்டிங்'. கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். மூன்று மீட்டர் தொலைவிலிருந்து உருட்டும்போது திசை ஒரு டிகிரி தவறினால் பந்து 5.2 சென்டிமீட்டர் விலகும். குழியின் நடுவிலிருந்து விளிம்பு 5.4 சென்டிமீட்டர். அதாவது ஒரு டிகிரிதான் எல்லை. தரைவிரிப்பின் மேல் பந்துக்கு அரை மீட்டர் முன்னால், உள்ளகலம் ஆறு சென்டிமீட்டர் இருக்கும்படி இரண்டு நாணயங்களை வைத்தால், அவற்றைத் தொடாமல் பந்து கடந்துபோக இரு பக்கமும் ஏறக்குறைய அதே ஒரு டிகிரிதான் இடம் கிடைக்கும். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே உள்ள இடமே போதும். ஒவ்வொரு பந்துக்கும் உருட்டும் வேகத்தை மாற்றினால் பேட்மின்டன் ஆய்வு சொன்ன கலவையும் அதில் வந்துவிடும்.