இடுப்பு வளையம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சேர்வராயன் மலையின் மஞ்சக்குட்டை போன்ற சிற்றூர்களில் மகப்பேற்று வலி கண்ட பெண்ணுக்கு அறுவை மருத்துவம் தேவை என்பது கடைசி நேரத்தில் தெரியவந்தால், சேலம் வரையிலான பயணமே பேரிடராகிவிடும். அத்தகைய தேவையை உண்டாக்கும் காரணங்களுள் ஒன்று இடுப்பு வளையத்தின் அமைப்பாகும்.

இரண்டு இடுப்பெலும்புகளும், அவற்றுக்குப் பின்புறத்தில் பொருந்திய திரிக எலும்பும், அதன் கீழுள்ள வால் எலும்பும் இணைந்தது இவ்வளையம். இடுப்பெலும்பு ஒவ்வொன்றும் இலியம், இஸ்கியம், பியூபிஸ் என்னும் மூன்று எலும்புகள் வளரிளம் பருவத்தில் ஒன்றாகி உருவாவது. உடலின் எடையைக் கால்களுக்குக் கடத்துவது இருபாலர்க்கும் பொதுவான பணி. பெண்ணின் வளையத்திற்கோ குழந்தைக்கு வழிவிடும் பணியும் உண்டு.

ஆணின் இடுப்பெலும்பு தடித்தது. வளையத்தின் நுழைவாய் இதய வடிவினது. முன்புறம் பியூபிஸ் எலும்புகளுக்குக் கீழமைந்த கோணம் ஏறத்தாழ 50 முதல் 60 பாகை. பெண்ணின் எலும்பு மெல்லியது. நுழைவாய் அகன்று வட்டத்தை ஒத்திருக்கும். அக்கோணம் 80 பாகைக்கும் மேற்பட்டது. இவ்வேறுபாடுகள் பூப்புப் பருவத்திற்குப் பின்னரே தெளிவடைகின்றன. ஆதலால், அகழாய்வில் கிடைக்கும் முதியோர் எலும்புக்கூட்டின் பாலினத்தை இடுப்பைக்கொண்டு அறிவது எளிது; சிறார் எலும்புக்கூட்டில் அது அரிது.

நுழைவாயின் குறுக்களவு ஏறக்குறைய 13 செ.மீ.; முன்பின் அளவு 11 செ.மீ. நிறைமாதக் குழந்தையின் தலை அகலம் ஏறத்தாழ 9.5 செ.மீ. இடைவெளி மிகக் குறைவு. வெளிவாயிலோ முன்பின் அளவே பெரிது. எனவே பக்கவாட்டில் நோக்கி நுழையும் தலை, இறங்கும்போது திரும்பியாக வேண்டும். மண்டையோட்டு எலும்புகள் இன்னும் இணையாதிருப்பதால் அவை சற்றே ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தலையின் அளவைக் குறைக்கின்றன.

எல்லாப் பெண்களின் இடுப்பும் ஒரே வடிவினதன்று. கால்டுவெல், மொலாய் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் 1933-இல் அதனை நால்வகையாகப் பிரித்தனர். அவற்றுள் ஒன்று ஆண் இடுப்பை ஒத்தது. இயல்பில் எல்லைகள் அத்துணைத் தெளிவானவை அல்ல. கலப்பு வடிவங்களே மிகுதி. இளமையில் உயிர்ச்சத்து டி குறைந்து என்புருக்கி நோய் உற்றால் நுழைவாய் முன்பின்னாகத் தட்டையாகும். இளமையில் போதிய உணவின்றி உயரம் குன்றியவர்க்கும் இடுப்பு குறுகியிருக்கக்கூடும்.

எனினும் அளவுகோலைக் கொண்டு மட்டும் முன்கூட்டியே தீர்ப்புக் கூற இயலாது. தலை இறங்குமா என்பது குழந்தையின் அளவையும், அது கிடக்கும் நிலையையும், கருப்பைச் சுருக்கத்தின் வலிமையையும் பொறுத்தது. வலி தொடங்கிய பின்னரே உறுதியாகும். இதனால்தான் மலைப்பகுதிக் கருவுற்ற பெண்கள், குறித்த நாளுக்குச் சில நாள்கள் முன்னரே மருத்துவ வசதி அருகிலுள்ள இடத்தில் வந்து தங்குமாறு அறிவுறுத்தப்படுகின்றனர்.