தன்விவரத்திற்கு விலை கொள்ளலாமோ?

உடையவன் தன் பொருளை விற்பதும், வேண்டியவன் விலை கொடுத்துக் கொள்வதும் தொன்றுதொட்டு வரும் உலக வழக்கு. நெல்லும் நிலமும் ஆடும் மாடும் சந்தையிற் பேசித் தீரும். ஆனால் ஒருவனுடைய பெயர், பிறந்த நாள், அவன் போகும் வழி, வாங்கும் பண்டம், இரவில் எத்தனை மணிக்கு உறங்கச் செல்கின்றான் என்னும் செய்தி ஆகிய இவற்றிற்கும் விலை உண்டோ? உண்டெனின் அவ்விலை யாரைச் சேர்தல் வேண்டும்? கைப்பேசி வைத்திருக்கும் யாவரும் இணையத்தின் வழியே இவற்றை நாடோறும் பிறர்க்கு ஈந்து வருகின்றமையின், இவ்வினா நம் கல்லூரி விடுதியிலும் எழுதற்குரியதே. எனினும் எம்மிடம் இதனை முதலில் எழுப்பியவர் பொருளாதாரம் கற்றவர் அல்லர்; நெய்வேலி நகரியத்தை அடுத்த மந்தாரக்குப்பத்தில் வாழும் எம் மாமா ஆவர்.

அவர் குடும்பத்து நிலம் பல ஆண்டுகளுக்கு முன்னர்ச் சுரங்கத்திற்கு எடுக்கப்பட்டது. கடந்த விடுமுறையில் யாம் அவர் இல்லத்தில் தங்கியிருந்தபோது, ஒரு மாலை அவர் தம் கைப்பேசியை எம்மிடம் நீட்டினார். முதல் நாள் முழங்கால் வலிக்குப் பரிகாரம் தேடியிருந்தார். மறுநாள் எதைத் திறந்தாலும் முழங்கால் தைல விளம்பரமே வந்து நின்றது. "ஏன் தம்பி, எனக்கு முழங்கால் வலிக்கிற சங்கதியை இவனுக்கு விற்றவன் யார்? விற்ற காசில் எனக்குப் பங்கு கிடையாதா? நிலம் கொடுத்தபோது, இன்ன விலை என்று எழுதி ஒரு காகிதமாவது கையில் கொடுத்தார்கள். இதற்கு அதுவும் இல்லையே!" என்றார். யாம் நகைத்தோம். இரவு படுத்த பின்னரே அது நகைத்துத் தள்ளற்குரிய கேள்வி அன்றெனத் தோன்றிற்று.

நெய்வேலியின் வரலாறே இதற்குத் தக்க விளக்கம் ஆகின்றது. 1935ஆம் ஆண்டளவில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்திற் கிணறு அமைக்கையில், கரிய பொருளொன்று நீரோடு வெளிவந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி. அன்று அதனைக் கையில் எடுத்துப் பார்த்தவர்க்கு அதனாற் பெரும்பயன் யாதும் இல்லை. அஃது ஏறத்தாழப் பாதி நீர். காற்றிற் கிடப்பின் உலர்ந்து நொறுங்கும். வண்டியேற்றித் தொலைவூருக்குக் கொண்டுசெல்வது கட்டுப்படியாகாது. 1956 நவம்பரிற் பழுப்பு நிலக்கரிக் கழகம் நிறுவப்பட்டு, 1957 மே 20ஆம் நாள் நேரு அவர்கள் சுரங்க வேலையைத் தொடங்கி வைத்து, 1961இற் கரிப்படுகை வெளிப்பட்டு, 1962இல் அருகிலேயே அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கிய பின்னரே அக்கரி செல்வமாயிற்று. மேல்மண்ணை மலைமலையாக அகற்றி, அடியிலுள்ள ஊற்றுநீரை இரவும் பகலும் இறைத்து, வெட்டிய இடத்திலேயே எரித்தாலன்றி அதனாற் பயனில்லை.

தனி ஒருவர் விவரமும் இத்தகையதே. எம் மாமாவின் முழங்கால் வலியைத் தனியே ஏலமிடின் கேட்பார் இல்லை. அதுபோன்ற கோடிக்கணக்கான செய்திகள் ஓரிடத்துக் குவிந்து, கணிப்பொறிகள் அவற்றைச் சலித்து, இன்னார் இன்னதை வாங்குவர் என்று ஊகிக்கும்போதே காசு பிறக்கின்றது. அவ்வாறாயின் அக்காசைப் பிறப்பித்தவர் நிலத்துக்குரியவரோ, சுரங்கத்துக்குரியவரோ? கனிமத்தைப் பொறுத்தவரை 2013ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில், சட்டம் முறைப்படி எடுத்துக்கொண்டாலன்றி அடிநிலத்துக் கனிமமும் பொதுவாக நிலத்துக்குரியவனையே சாரும் எனத் தீர்ப்பளித்தது. விவரத்தைப் பொறுத்தவரை அவ்வாறு உடைமையை வரையறுத்த தீர்ப்பு யாதும் இல்லை. 2017 ஆகஸ்டு 24இல் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் ஒருமனதாகக் கூறியது, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்பதே. உரிமை வேறு, உடைமை வேறு; உடைமையை விற்கலாம், அடிப்படை உரிமையை விற்றல் கூடுமோ என்பது ஐயத்திற்குரியது.

விற்றவர் இல்லாமற் போகவில்லை. விற்றது நம் மத்திய அரசே. 2019ஆம் ஆண்டு ஜூலையில் மாநிலங்களவையில் ஒரு வினாவிற்கு விடையாக, வாகனப் பதிவேட்டையும் ஓட்டுநர் உரிமப் பதிவேட்டையும் 87 தனியார் நிறுவனங்களுக்கும் 32 அரசு அமைப்புகளுக்கும் பார்வைக்குத் திறந்து, அதனால் 65 கோடி ரூபாய் வருவாய் பெற்றதாகப் போக்குவரத்து அமைச்சகம் தெரிவித்தது. அப்பொழுது அவற்றில் 25 கோடிக்கு மேற்பட்ட வாகனங்களும் ஏறத்தாழ 15 கோடி உரிமங்களும் பதிவாகியிருந்தன. அவ்வாண்டு வகுத்த கொள்கையின்படி, மொத்த விவரத்தையும் பெற வணிக நிறுவனம் ஆண்டிற்கு 3 கோடி ரூபாய் கட்ட வேண்டும். இக்கொள்கை 2020இல் கைவிடப்பட்டது. யாம் இங்கு ஒரு கணக்கிட்டுப் பார்த்தோம்: 65 கோடியை 25 கோடி வாகனங்களுக்குப் பங்கிடின், வண்டியொன்றுக்கு இரண்டரை ரூபாய்க்குச் சற்று மிகும். எம் மாமாவின் பழைய ஸ்கூட்டரும் அப்பதிவேட்டில் இருந்திருக்குமாயின், அவர்க்குச் சேர வேண்டிய பங்கு ஒரு தேநீருக்கும் போதாது.

தனியார் கணக்கும் இதனின் மிகப் பெரிதன்று. பேஸ்புக் நிறுவனம் 2023ஆம் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் ஆசிய பசிபிக் பகுதியிற் பயனர் ஒருவரால் ஈட்டிய சராசரி வருவாய் 5 டாலர் 52 செண்டு. அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் 68 டாலர் 44 செண்டு. இலாபமன்று, முழு வருவாயையும் அப்படியே பங்கிட்டாலும், நம் பகுதியினர்க்கு மாதம் 150 ரூபாய் அளவிற் கிடைக்கும்; அமெரிக்கர்க்கு ஏறத்தாழ 1,900 ரூபாய். அமெரிக்கர் முழங்கால் நம் முழங்காலினும் பன்னிரு மடங்கு வலிப்பதன்று. அவர் பணப்பை பெரிது, விளம்பரக்காரர் அதற்கேற்பக் கொடுக்கின்றனர். ஆகவே விவரத்திற்குச் சந்தை விலை என்று ஒன்றை நாட்டினால், வறியவன் மானம் மலிவு, செல்வன் மானம் உயர்வு என்று எழுதிவைத்ததாக முடியும். 2019ஆம் ஆண்டிற் கலிபோர்னியா ஆளுநர் நியூசம், விவரப் பங்காதாயம் மக்களுக்கு அளிக்கப்பட வேண்டும் என்று மொழிந்தார். பேச்சளவில் அது நன்றாகவே இருந்தது.

இதனினும் பெரியதொரு தடையை எம் மாமாவின் மகள் வாயிலாக யாம் அறிந்தோம். சில ஆண்டுகளுக்கு முன்னர், பள்ளிக் கட்டணத்திற்காக அவள் கைப்பேசிச் செயலியொன்றில் ஐயாயிரம் ரூபாய் கடன் கொண்டாள். ஈடு கேட்கவில்லை, நகை கேட்கவில்லை, கைப்பேசியிலுள்ள எண்களைப் பார்க்க அனுமதி மட்டுமே கேட்டனர். தவணை பத்து நாள் தவறியது. உடனே எமக்கும், எம் பெரியம்மாவுக்கும், அவள் பிள்ளையின் ஆசிரியைக்கும், பால்காரர்க்கும் அவளைத் திருடி என்று வசைபாடும் செய்திகள் படத்துடன் வந்தன. அவள் பல நாள் வாசலுக்கு வரவில்லை. பின்னொருநாள், "என் விவரத்தைத்தானே கொடுத்தேன் என்று நினைத்தேன், அண்ணா" என்று எம்மிடம் சொல்லி அழுதாள். அவள் கொடுத்தது அவள் விவரமன்று, எம்முடையது. எம்மைக் கேளாமலே யாம் அடகு வைக்கப்பட்டோம். நிலத்திற்கு எல்லைக்கல் உண்டு. ஒருவன் தன் காணியை விற்பதால் அடுத்தவன் காணி விலைபோகாது. விவரத்திற்கு எல்லைக்கல் இல்லை. ஒருவர் எண் பலர் கைப்பேசியிலும், ஒருவர் முகம் பிறர் திருமணப் படத்திலும், ஒருவர் நோய் அவர் உடன்பிறந்தார் குருதியிலும் கிடக்கின்றன. இவற்றுள் எதனை யார் விற்பது, யார் விலை பெறுவது? இத்தகைய கொடுமைகள் பெருகிய பின்னரே ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில், கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் படக் கோப்புகளையும் தொடலாகாது என விதித்தது.

வறுமை ஒருவரை எதனையும் விற்கச் செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டார்க்குச் சான்று தேட வேண்டுவதில்லை. சென்னை வில்லிவாக்கத்திற்குக் 'கிட்னிவாக்கம்' என்னும் இழிபெயர் வந்தது, ஆங்குள்ள ஏழையர் தம் சிறுநீரகத்தை விற்றமையால் அன்றோ? 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் அவ்வாணிகத்தைக் குற்றமாக்கிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் விவரப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் 2017இல் வெளியிட்ட கருத்துரையொன்றும், தன்விவரச் சந்தையை உயிருள்ள மனித உறுப்புச் சந்தையோடு ஒப்பிட்டே பேசிற்று. அவ்வொப்புமை சற்று மிகையெனச் சிலர் கூறலாம். எம் மாமா மகளின் முகத்தை அந்நாளிற் கண்ட எமக்கு மிகையாகத் தோன்றவில்லை. (வாக்குக்கு விலை பேசும் நாட்டில் விவரத்துக்கு விலை பேசுவது பெரும்பாவமோ என்று நண்பரொருவர் கேட்டார். அக்கேள்விக்கு இக்கட்டுரையில் இடமில்லை.)

ஆயினும் எவ்விடத்தும் விலை கூடாது என்பது எம் கொள்கையன்று. உழைத்துத் தந்ததற்குக் கூலி உண்டு. பெங்களூரில் 2021இல் தொடங்கப்பட்ட கார்யா என்னும் அமைப்பு, சிற்றூர் மக்களைத் தம் தாய்மொழியில் வாக்கியங்களைக் கைப்பேசியிற் படிக்கச் செய்து, கணிப்பொறிக்கு அம்மொழியைக் கற்பிக்கும் பேச்சுத் தொகுதிகளைத் திரட்டுகின்றது. மணிக்கு ஏறக்குறைய 5 டாலர் வீதம் ஊதியம் தருவதோடு, அத்தொகுதி மீண்டும் விற்கப்படுந்தோறும் அவ்வருவாயும் படித்தவர்க்கே சேரும் வண்ணம் வகுத்துளது. இங்கு விற்பவர் அறிந்து விற்கின்றார். எதனை விற்கின்றார் என்பது அவர்க்குத் தெரியும். பிறர் எண் எதுவும் அதனொடு போவதில்லை. முழங்கால் தைலம் தேடியவர்க்கும் இவர்க்கும் உள்ள வேற்றுமை பெரிது.

உழைப்பின்றிக் கசியும் விவரத்திற்கோ, ஆளுக்கு ஆள் சில்லறை வழங்குதலினும் ஊருக்கு ஒரு நிதி அமைத்தலே தக்கதென்று எமக்குப் படுகின்றது. இதற்கு முன்மாதிரி சுரங்கத்துறையிலேயே உளது. 2015ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி, சுரங்கம் நடத்துவோர் அரசுரிமைத் தொகைக்கு மேலாக ஒரு பங்கினை மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குச் செலுத்த வேண்டும். அது சுரங்கத்தால் இடர்ப்பட்ட மக்களுக்கும் ஊர்களுக்கும் உரியது. தீங்கு நேரின் இழப்பீடு வேறாக வேண்டும். 2023இல் வளையமாதேவியிற் கால்வாய் வெட்டுகையில் வயலில் நின்ற நெற்பயிர் அழிந்தபோது, சென்னை உயர் நீதிமன்றம் ஏக்கருக்கு 40,000 ரூபாய் கணக்கிட்டு இழப்பீடு வழங்க ஆணையிட்டது. பயிருக்கு அவ்வாறு கணக்கிட முடிந்தது.

விவரத்திற்கு நம் சட்டம் எதிர்த்திசையிற் செல்கின்றது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு, நுண்ணிய விவரங்களைக் கவனமின்றிக் காத்த நிறுவனம் இழப்புற்றவர்க்கு ஈடு தர வேண்டும் என்று கூறும். 2023 ஆகஸ்டில் நிறைவேறிய மின்னணுத் தன்விவரப் பாதுகாப்புச் சட்டம் அப்பிரிவை நீக்குகின்றது. புதுச் சட்டத்தின்படி நிறுவனத்திற்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். அத்தொகை இந்தியத் தொகுநிதியிற் சேரும். இழந்தவர்க்கு அதில் ஒரு காசும் இல்லை. மாறாக, விவரத்துக்குரியவரே தம் கடமையில் தவறினால் அவர்க்கும் 10,000 ரூபாய் வரை தண்டம் உண்டு. இதற்குரிய விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பெற்றன. பெரும்பாலான பகுதிகள் நடைமுறைக்கு வர அன்று முதல் பதினெட்டு மாதத் தவணை வகுக்கப்பட்டுள்ளது.

இவற்றை எம் மாமாவுக்குப் படித்துக் காட்டினோம். அவர் தொகுநிதி என்றால் என்ன என்று கேட்டார், சொன்னோம். பின்னர்த் தம் மகளை அழைத்து, கைப்பேசியிற் பால்காரர் எண்ணை அழித்துவிட்டு நாட்காட்டியின் பின்புறம் எழுதி வைக்கச் சொன்னார். எம் எண்ணையும் அவ்வாறே எழுதச் சொன்னார்.