கோழிக்கு என்ன சீக்கு? பார்த்துத் தெரிந்துகொள்வோம்

லயத்தில் நாலைந்து கோழி வளர்க்கும் குடும்பத்துக்கு முட்டை பிள்ளைகளின் சத்துணவு. அவசரத்துக்குக் கைச்செலவும் அதுதான். அப்படிப்பட்ட கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு தூங்கி நின்றால், "சாகுமுன்னே அறுத்துடு" என்பார்கள் சிலர். சிலர் வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுப்பார்கள். இரண்டும் வேண்டாம். தூங்கி நிற்பது எல்லாச் சீக்குக்கும் பொது அடையாளம். தொட்டுப் பார்த்து "காய்ச்சல்" என்றும் சொல்ல முடியாது. நல்ல கோழியின் உடம்பே 41 பாகை செல்சியஸ் வரை சுடும்.

முதலில் கோழியைத் தனியே கூடையில் கவிழ்த்து, தண்ணீர் வையுங்கள். பிறகு ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

1. ஒன்றா, பலவா? ஒரு கோழிக்கு மட்டுமென்றால் அதன் உடம்பில் கோளாறு இருக்கலாம். இரண்டு மூன்று நாளில் பல கோழி சாய்ந்தால் அது தொற்று.

2. எச்சம். குஞ்சுகளின் எச்சத்தில் இரத்தம் கண்டால் பெரும்பாலும் இரத்தக் கழிச்சல். ஈரக் கூட்டில்தான் இது பரவும். நம் மழைக்காலத்தில் கூட்டுத் தரையைக் காய வைத்திருங்கள். இதற்கு மருந்து உண்டு, தாமதிக்காதீர்கள்.

3. மூச்சும் கழுத்தும். வாயைத் திறந்து இழுத்து மூச்சு விடுதல், பச்சையும் வெள்ளையுமான கழிச்சல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், கால் இழுத்தல் ஆகியவை ராணிக்கெட் நோயின் அடையாளங்கள். வந்த பிறகு மருந்து கிடையாது. வருமுன் தடுப்பூசி மட்டுமே.

4. கொண்டை, தாடி. அங்கே கருத்த கொப்புளம் இருந்தால் கோழி அம்மை. நுளம்பும் இதைப் பரப்பும்.

5. தீனிப்பை. காலையில் பெரட்டுக்குப் போகுமுன், தீனி போடாமல் கழுத்தடியைத் தடவிப் பாருங்கள். இராத் தீனி செரித்து பை காலியாக இருக்க வேண்டும். கல்லுப்போல் இருந்தால் அடைப்பு.

6. பின்புறம். இறகை விலக்கிப் பேன் உண்டா பாருங்கள். பெட்டை வாலை ஆட்டி முக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றால் முட்டை சிக்கியிருக்கலாம். இளஞ்சூட்டு நீரில் கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள். இறங்காவிட்டால் அமுக்காதீர்கள், முட்டை உள்ளே உடைந்தால் கோழி செத்துவிடும்.

இறகு உதிர்ந்து முட்டை நின்றுபோனால் பயப்பட வேண்டாம். தீனி தின்று சுறுசுறுப்பாகத் திரிந்தால் அது இறகு மாற்றும் காலம். சீக்கென்று நினைத்து அறுத்துவிடாதீர்கள்.

தொற்று என்று சந்தேகம் வந்தால் அந்தக் கோழியை விற்கவும் வேண்டாம், சமைக்கவும் வேண்டாம். செத்ததைக் கானிலோ தேயிலைக்குள்ளோ வீசினால் நாய் இழுத்து லயம் முழுக்கப் பரப்பும். ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்து, கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். பல கோழி ஒன்றாகச் செத்தால் புதைக்குமுன் அரசாங்க மிருக வைத்தியருக்குச் சொல்லுங்கள். என்ன நோயென்று அவர் உறுதி செய்வார்.

சந்தையில் வாங்கிய கோழியை 2 கிழமை தனியே வைத்த பிறகே மற்றதோடு விடுங்கள். தடுப்பூசி போடும்போது லயத்தில் எல்லாரும் ஒரே நாளில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வீடு தவறினாலும் சீக்கு அந்த வாசல் வழியாகத்தான் வரும்.