வஞ்சிரம் விலை ஏறினால் ஏறட்டும்!

சித்திரை பிறந்துவிட்டால் மீன் கடையில் வாக்குவாதம்தான். "போன வாரம் சொன்ன விலை வேற, இப்ப சொல்றது வேற... என்னம்மா இது அநியாயம்?" என்று நீங்கள் கேட்பீர்கள். "லாஞ்சே கடலுக்குப் போகலையேம்மா, நான் என்ன பண்றது?" என்பார் மீன்காரம்மா.

அவர் சொல்வது நிஜம். மீன்கள் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை. (2017-க்கு முன்பு 45 நாட்கள்தான்.) அந்த நாட்களில் நமக்குக் கிடைக்கும் வஞ்சிரமும் வவ்வாலும் பெரும்பாலும் மேற்குக் கடற்கரையிலிருந்து ஐஸில் பயணம் செய்து வந்தவை. விலையும் கூட, மீனுக்கு வயசும் கூட!

தடை முடிந்து படகுகள் கரை திரும்பினால் விலை இறங்கும். புரட்டாசியில் பல வீடுகளில் அசைவம் கிடையாது என்பதால் இன்னும் இறங்கும். ஐப்பசியில் புயல் சின்னம் உருவானால் மறுபடி ஏறும். ஆனால் டீசல், ஐஸ், கூலி எல்லாம் ஏறிக்கொண்டே போக, நல்ல மீனை ஏற்றுமதிக்காரர்களும் எடுத்துக்கொள்ள, வஞ்சிரம் மலிவாகும் என்று காத்திருப்பது வீண்.

காத்திருக்கத்தான் வேண்டுமா? முள் குறைந்த துண்டுக்கும் ருசிக்கும்தான் அங்கே அதிகக் காசு, சத்துக்கு அல்ல. இதயத்துக்கு நல்லது செய்யும் ஒமேகா-3 கொழுப்பு மத்தியில் தாராளம். நெத்திலியை முள்ளோடு மென்று தின்பதால் குழந்தைகளுக்குக் கால்சியமும் சேர்கிறது. தடைக்காலத்திலும் நாட்டுப் படகுகள் கரையோரம் மீன் பிடிக்கின்றன. அவை காலையில் கொண்டுவரும் மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தியை மதியமே குழம்பு வைத்துவிடலாம்.

மத்தியும் எப்போதும் மலிவு என்று சொல்ல முடியாது. கேரளாவில் 2012-ல் சுமார் 4 லட்சம் டன் பிடிபட்ட மத்தி, 2021-ல் சுமார் 3,300 டன்னாகச் சுருங்கியது. கடலின் போக்கு அப்படி! அதனால் ஒரே மீனைப் பிடித்துக்கொண்டு நிற்காமல், அன்றைக்கு எது அதிகம் வந்திருக்கிறதோ அதை வாங்குங்கள்.

பெரிய மீன்களில் இன்னொரு சங்கடம், பாதரசம். சின்ன மீன்களைத் தின்றே வளர்வதால் அவற்றின் உடலில் அது சேர்ந்துகொண்டே போகிறது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் சுறாவைத் தவிர்ப்பது நல்லது. பிரசவித்தவளுக்குச் சுறாப்புட்டு கொடுத்தே பழகிய பாட்டிமார்கள் கோபித்துக்கொள்வார்கள்... பரவாயில்லை, பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

எந்த மீனானாலும் செவுளைத் தூக்கிப் பாருங்கள். சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழக் கூடாது. துண்டு போட்டு வைத்ததை வாங்காமல், முழு மீனைப் பார்த்து, கண்ணெதிரில் வெட்டித் தரச் சொல்லுங்கள். யூரிக் அமிலத் தொல்லை உள்ளவர்கள் மட்டும் மத்தி, நெத்திலியை டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது.