எத்தனை குதிரை வேண்டும்?

இரண்டு மாடு பூட்டிய வண்டி ஒரு மணி நேரத்தில் போகும் தூரத்தை, நான்கு மாடு பூட்டினால் அரை மணியில் போய்விடலாம் என்று நம் நாட்டுக் குடியானவன் எவனும் நினைக்கமாட்டான். மாட்டின் தீனிச் செலவு அவனுக்குத் தெரியும். வண்டியின் சுபாவமும் தெரியும். ஆனால் படகுக்கு எஞ்சின் வாங்கும் விஷயத்தில் மட்டும் இந்தச் சாதாரண விவேகம் எங்கோ மறைந்துவிடுகிறது. பத்துக் குதிரைசக்தி நல்லதென்றால் இருபத்தைந்து அதைவிட நல்லது, ஐம்பது எல்லாவற்றிலும் நல்லது என்ற எண்ணமே எங்கும் பரவியிருக்கிறது. எஞ்சின் விற்பவர்களும் அந்த எண்ணத்தைக் கலைக்க விரும்புவதில்லை. இந்த எண்ணம் எவ்வளவு தவறானது, அதனால் கடலை நம்பிப் பிழைப்பவர்களின் பணம் எப்படிப் பாழாகிறது என்பதைச் சற்று விரிவாக எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

நாம் இங்கே முக்கியமாகப் பேசுவது, பாயும் மோட்டாரும் ஆகிய இரண்டையும் கொண்டு ஓடும் படகைப் பற்றி. மேல்நாட்டார் இதை மோட்டார் செயிலர் என்பார்கள். காற்று உள்ளபோது பாய் இழுக்கும். காற்று விழுந்துவிட்டால், அல்லது எதிர்த்து வீசினால், மோட்டார் தள்ளும். சிறு படகுகளில் இந்த மோட்டாரை உடலுக்குள் வைக்காமல் பின்புறத்தில் வெளியே மாட்டுகிறார்கள். அதுதான் அவுட்போர்டு மோட்டார். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர் 1909-ம் வருஷத்தில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதன் பலம் ஒன்றரைக் குதிரைசக்தி. 2021-ல் ஓர் அமெரிக்கக் கம்பெனி 600 குதிரைசக்தியுள்ள அவுட்போர்டு மோட்டாரை வெளியிட்டது. யந்திரம் நானூறு மடங்கு வளர்ந்துவிட்டது. ஆனால் அது தள்ள வேண்டிய தண்ணீர் மாறவில்லை. தண்ணீரின் விதியும் மாறவில்லை.

அந்த விதி என்ன? இங்கிலாந்தில் வில்லியம் புரூட் என்ற பொறியியல் நிபுணர், 1872-ல் டார்க்கி என்ற ஊரில் நீளமான நீர்த்தொட்டி ஒன்றை அமைத்து, அதில் சிறு மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்து ஆராய்ந்தார். படகு ஓடும்போது அணியத்தில் ஓர் அலை எழும்புவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். வேகம் கூடக்கூட அந்த அலை நீண்டுகொண்டே போகும். ஒரு கட்டத்தில் அலையின் நீளமும், படகு நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீளமும் சமமாகிவிடும். அப்போது ஒரு முகடு அணியத்திலும் அடுத்த முகடு அமரத்திலும் நிற்க, படகு இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் கிடக்கும். அதற்கு மேலும் வேகமாகப் போக முயன்றால், பின்புறம் தாழ்ந்து, முன்புறம் நிமிர்ந்து, தானே உண்டாக்கிய நீர்மேட்டின் மீது தானே ஏறுகிற நிலைமை அதற்கு வந்துவிடும். முடிவில்லாத மேட்டில் வண்டியை ஏற்றுவது போன்ற வேலை இது.

இந்த எல்லையைக் கணக்கிடுவது சுலபம். படகு நீரைத் தொடும் நீளத்தை அடிக்கணக்கில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால், மணிக்கு எத்தனை கடல் மைல் என்பது தெரிந்துவிடும். 16 அடிக்குச் சுமார் 5.4 மைல், 23 அடிக்குச் சுமார் 6.4, 36 அடிக்குச் சுமார் 8. கனமான படகுகளுக்கெல்லாம் பொதுவாக இதுவே நடைமுறை எல்லை. மிக மெலிந்து நீண்ட உடலும், தட்டையான அடிப்பாகமுடைய லேசான உடலும் இதைத் தாண்டும். தட்டையான லேசுப் படகு போதிய சக்தி கிடைத்தால் நீரைக் கிழிப்பதை விட்டு, நீரின் மேலே சறுக்கத் தொடங்கும். ஆனால் பாய்ப் படகு காற்றில் கவிழாமலிருக்க அடியில் பாரம் வேண்டும். பாரம் ஏற்றிய படகு சறுக்குவது அபூர்வம்.

இனி ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நீரைத் தொடும் நீளம் 23 அடி. ஆளும் சாமானும் சேர்த்து எடை 2 டன். இத்தகைய படகுக்கு டன் ஒன்றுக்கு 4 முதல் 5 குதிரைசக்தி போதும் என்பது அநுபவஸ்தர்கள் கைக்கொள்ளும் பொதுவிதி. ஆகவே 8 முதல் 10 குதிரைசக்தி. பெட்ரோலில் ஓடும் நான்கு வீச்சு எஞ்சின் 10 குதிரைசக்தியை முழுவதும் கொடுத்தால் மணிக்கு ஏறத்தாழ 4 லிட்டர் குடிக்கும். அந்த முழு ஓட்டத்தில் படகு 6 மைல் வேகம் போகிறது என்று கொள்வோம். போகவர 30 கடல் மைல் தூரம் என்றால், 5 மணி நேரம், 20 லிட்டர்.

அதே எஞ்சினைச் சற்று அடக்கி 5 மைல் வேகத்தில் ஓட்டினால் என்ன ஆகிறது? படகைத் தள்ளுவதற்கு வேண்டிய சக்தி வேகத்தின் கனத்தை ஒட்டி மாறுகிறது. வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்தால் சக்தி நூற்றுக்கு 42 குறைகிறது. எண்ணெயும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறைந்து, மணிக்குச் சுமார் 2.3 லிட்டர் ஆகும். பிரயாணம் 6 மணி நேரம், 14 லிட்டர். ஒரு மணி நேரம் அதிகமாயிற்று. 6 லிட்டர் மிச்சமாயிற்று. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 600 ரூபாய். மாதத்தில் 20 நாள் கடலுக்குப் போகிறவனுக்கு இது 12,000 ரூபாய். அவன் குழந்தைகளின் படிப்புச் செலவும், வீட்டின் அரிசிச் செலவும் இந்த ஒரு மணி நேரத்திற்குள் அடங்கியிருக்கின்றன.

இப்பொழுது அதே படகில் 25 குதிரைசக்தி எஞ்சினை மாட்டி முழு வேகத்தில் விடுவதாகக் கொள்வோம். படகு 15 மைல் ஓடாது. தண்ணீர் விதித்த எல்லையைச் சற்றே மீறி 7 மைல் ஓடினால் அதிகம். எஞ்சினோ மணிக்கு 9 அல்லது 10 லிட்டர் குடிக்கும். 30 மைலுக்குச் சுமார் 40 லிட்டர். பத்துக் குதிரைசக்தியின் முழு ஓட்டத்தைவிட முக்கால் மணி நேரம்கூட மிச்சமில்லை. எண்ணெய் மட்டும் இரண்டு மடங்கு. மிகுந்த 15 குதிரைகளும் படகை இழுக்கவில்லை. கடலில் அலை கிளப்பிக்கொண்டிருந்தன!

"பெரிய எஞ்சினை வாங்கி மெள்ள ஓட்டினால் ஆகாதோ?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. மெள்ள ஓட்டினால் எண்ணெய் குறையத்தான் செய்யும். ஆனால் விலை அதிகம்; அதற்கு வாங்கும் கடனும் வட்டியும் அதிகம். எடையும் அதிகம்: 10 குதிரைசக்தி மோட்டார் சுமார் 40, 45 கிலோ இருக்க, 50 குதிரைசக்தி மோட்டார் 100 கிலோவை எட்டும். அத்தனை பாரமும் அமரத்தின் கடைக்கோடியில் தொங்கினால் படகு பின்தாழ்ந்து, பாய் ஓட்டமும் கெடும். இவற்றைவிடப் பெரிய ஆபத்து, கைக்கெட்டியதை முழுவதும் திருகிப் பார்க்கும் மனித சுபாவம்.

இரண்டு வேகங்களும் வேண்டுமென்று முயன்றவர்களும் உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் மக்கிரெகர் என்ற கம்பெனி, 1990-களிலிருந்து 2013 வரை 26 அடி வரிசைப் பாய்ப் படகுகளில் 50 குதிரைசக்தி அவுட்போர்டு மோட்டாரை மாட்டும்படி செய்து விற்றது. இதன் யுக்தி வேடிக்கையானது. பாயில் ஓடும்போது அடித்தொட்டியில் கடல்நீரை நிரப்பிப் பாரமாக்கிக்கொள்வார்கள். மோட்டாரில் விரையும்போது அந்த நீரை வெளியேற்றி லேசாகி, நீர்மேல் சறுக்குவார்கள். மணிக்கு 15 மைல் கிடைக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், மணிக்குச் சுமார் 18 லிட்டர் வீதம் 30 மைலுக்கு 36 லிட்டர் ஆகிவிடும். சறுக்குவதற்காக உடலை அகலமாகவும் தட்டையாகவும் செய்ததால், சுத்தமான பாய்ப் படகைப்போல் பாயில் ஓடுவதுமில்லை. இரண்டு நாள் விடுமுறையைக் கடலில் கழிக்க விரும்பும் தனவந்தருக்கு அந்த விலை பொருட்டல்ல. ஜீவனத்திற்காகக் கடலில் இறங்குகிறவனுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

சிறியது சிக்கனம் என்பதால் மிகச் சிறியதை வாங்கிவிடலாம் என்று நாம் சொல்ல வரவில்லை. வாடைக்காற்று எதிர்த்து வீசும்போதும், நீரோட்டம் பின்னுக்கு இழுக்கும்போதும், கரையோரத்து அலையைக் கடக்கும்போதும் போதிய பலமில்லாத எஞ்சின் உயிருக்கு உலை வைக்கும். சாதாரண நாளில் எஞ்சின் தன் பலத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை கொடுத்து, மிச்சம் கெட்ட நாளுக்குக் கையிருப்பாக இருப்பதே சரியான அளவு. மேலே சொன்ன 2 டன் படகில் 10 குதிரைசக்தி மோட்டார் 5 மைல் வேகத்தில் ஓடும்போது அந்தக் கையிருப்பு இருக்கிறது.

குதிரைசக்தி மட்டும் கவனிக்கப்பட வேண்டிய விஷயமல்ல. விசிறியையும் கவனிக்க வேண்டும். லேசான விரைவுப் படகுக்கென்று செய்த சுழல்விசிறி கனமான படகில் நீரைக் கலக்குமேயன்றித் தள்ளாது. கனமான படகுக்கு அகலம் மிகுந்து, மெதுவாகச் சுழன்று, ஒரு சுற்றில் குறைந்த தூரமே முன்னேறும் விசிறி வேண்டும். பரீட்சை எளிது. முழுச் சுமையோடு முழுதும் திருகினால், எஞ்சின் செய்தவர் புத்தகத்தில் கண்ட சுற்றுக்கணக்கை அது எட்ட வேண்டும். எட்டாமல் திணறினால் விசிறியின் முன்னேற்ற அளவு கூடுதல். மிஞ்சிப் பறந்தால் குறைவு. அந்த அளவில் ஓர் அங்குலம் மாற்றினால் நிமிஷத்திற்கு 150 முதல் 200 சுற்றுகள் மாறும். தண்டின் நீளமும் முக்கியம். 15, 20, 25 அங்குல அளவுகளில் மோட்டார்கள் கிடைக்கின்றன. அமரம் உயர்ந்த படகில் குட்டைத் தண்டை மாட்டினால், அலையில் அமரம் தூக்கும்போதெல்லாம் விசிறி காற்றில் சுழலும். எண்ணெய் எரியும்; படகு நகராது.

எல்லாவற்றிற்கும் மேலாக, விலையில்லாத குதிரை ஒன்று படகின் நடுவிலேயே நிற்கிறது. அது பாய். காற்று தனித்து இழுக்கப் போதாத நாளிலும், பக்கவாட்டில் வீசுமானால், பாயை விரித்து மோட்டாரை மூன்றில் ஒரு பங்கில் ஓடவிட்டால், தனித்தனியே எதுவும் கொடுக்காத வேகத்தை இரண்டும் சேர்ந்து கொடுக்கும். படகின் ஆட்டமும் குறையும். காற்று நன்றாகப் பிடித்துக்கொண்டால் மோட்டாரை நிறுத்தி நீருக்கு மேலே தூக்கிவிடலாம். விசிறி நீரில் இழுபட்டுத் தடுப்பதில்லை. உள்ளே பொருத்திய எஞ்சினுக்கு இந்த வசதி கிடையாது. எண்ணெய் தீர்ந்தாலும் எஞ்சின் பழுதானாலும் கரை சேர்ப்பது அந்தப் பாயே.

இதையெல்லாம் நம் ஜனங்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. தமிழகக் கரையில் கட்டுமரமும் வள்ளமும் தலைமுறை தலைமுறையாகப் பாயில் ஓடியவை. கச்சானும் கொண்டலும் சோழகமும் வாடையும் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் கொண்டுபோகும் என்பதை அறிந்தவர்கள் நம் பரதவர்கள். 1953-ல் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் இந்திய-நார்வேத் திட்டம் தொடங்கி, மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் பூட்டும் வேலை வேகம் பெற்றது. எஞ்சின் வந்ததில் தவறில்லை. தூரம் போகவும், பிடித்த மீனை அழுகாமல் கொண்டுவரவும் அது உதவிற்று. ஆனால் எஞ்சின் ஏறிய இடத்திலெல்லாம் பாய் இறங்கிவிட்டது, அதுதான் தவறு. உலக உணவு விவசாய ஸ்தாபனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையில் இயங்கியபோது, சிறு மீன்பிடிப் படகுகளின் எண்ணெய்ச் செலவைக் குறைப்பது பற்றி 1986-ல் ஒரு சிறு நூல் வெளியிட்டது. அந்த ஸ்தாபனம் 2012-லும் இதே விஷயமாக ஒரு கைநூல் வெளியிட்டது. வேகத்தைக் குறைப்பதே எண்ணெய்ச் சிக்கனத்திற்கு முதல் வழி என்பது அதன் உபதேசம்.

பொது வேலையில் ஈடுபட்டிருக்கும் நண்பர்களுக்கு இதில் ஒரு கடமை இருக்கிறது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நம் கரையில் உதவிப் படகுகள் ஏராளமாக வந்து இறங்கியதை எல்லோரும் அறிவோம். இன்னமும் மகஜர்கள் எழுதப்படுகின்றன, மானியங்கள் கேட்கப்படுகின்றன. "இன்னும் பெரிய எஞ்சின் வேண்டும்" என்று கேட்பது சுலபம். கூட்டத்தில் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அந்த எஞ்சினுக்குத் தினந்தோறும் தீனி போடப்போவது மகஜர் எழுதியவரல்ல, படகுக்காரரே. ஆகவே மகஜர் எழுதுமுன் அவரோடு கரைக்குப் போய், படகு நீரைத் தொடும் நீளம் என்ன, சுமையோடு எடை என்ன, ஒரு நாளில் போகும் தூரம் என்ன, பாய் இருக்கிறதா என்ற நான்கு கேள்விகளைக் கேளுங்கள். அந்த நான்கும் தெரிந்தால் எத்தனை குதிரை வேண்டும் என்பது தானே தெரிந்துவிடும். பிறகு அந்த அளவு எஞ்சினையும், அதற்கேற்ற விசிறியையும், அவற்றோடு மறவாமல் ஒரு நல்ல பாயையும் கேட்போமாக.